சுத்தமான எச்சில்

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு, அண்ணி எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லேபில் அந்தச் சளி டப்பாக்களோடேயே குடித்தனம் நடத்துகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை.

உன் அண்ணன் டிரைவிங் ஸ்கூலுக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறார். வருஷக்கணக்கில் லீவே எடுக்காத மனிதர், எடுக்கட்டுமே. ஆனால் பாடம் நடத்தாமல் அவருக்கு வாய் அரிக்கிறது. நான் காய் நறுக்கினால் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, வளைவு வருது" என்கிறார்.

முன் அறையில் ஜன்னலை எந்நேரமும் திறந்துவைத்து அங்கேயே தனியாகப் படுக்கிறார். காற்று நல்லதாம். மகளும் நானும் உள் அறையில். பாதிக் கட்டில் கிடைத்ததில் அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

எனக்கு ஒரே தலைவலி, சலவைதான். அவருடைய பனியன், கைக்குட்டை, தலையணை உறை எல்லாவற்றிலும் ஒரு செம்மஞ்சள் கறை. எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. கழிவறையைக்கூட இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருக்கிறது. நீ மருந்தும் ரசாயனமுமாகப் புழங்குகிறவள். இது எதனால் வருகிற கறை என்று கொஞ்சம் யோசித்து எழுது. வேலை மும்முரத்தில் இதை மட்டும் மறந்துவிடாதே.

கடிதத்தைத் தபாலில் போடுவது உன் அண்ணன்தான். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை வாசித்து என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார் என்பது உனக்குத் தெரிந்ததே.

உன் அண்ணி

*

ஜனவரி 20

அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது.

உன் நலத்தை விசாரிக்க மாட்டேன். விசாரித்தால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பாய்.

அண்ணி கேட்ட கறைக்கு உனக்கே பதில் எழுதுகிறேன். அது சோப்புக்குப் போகாது. காசநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வேர்வை, சிறுநீர், கண்ணீர்கூடச் செம்மஞ்சளாகும். அதனால் கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த மருந்து உள்ளே போகாதவர்களுக்கு அந்தக் கறை வருவதில்லை, அண்ணா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், சலவையில் மறைக்க முடியாது.

நாள் முழுக்க இந்தக் கிருமியோடு மல்லுக்கட்டுகிற தங்கை உனக்கு இருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் இருமினால்கூட என்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவன் நீ. உனக்கு வந்தபோது நான் எங்கே போய்விட்டேன்? கோபம் வருகிறது. அதைவிட அழுகை வருகிறது.

எப்போது மருந்து ஆரம்பித்தாய்? இருமல் குறைந்ததா? உடம்பு தேறியதா? மூன்றுக்கும் உண்மையான பதில் வேண்டும். போனில் நான் வாயைத் திறந்தாலே "வண்டி வருது, வெச்சிடறேன்" என்கிறாய். கடிதத்துக்கு நடுவில் எந்த வண்டியும் வராது.

அண்ணியைக் கோபிக்காதே. அவர் சலவையைப் பற்றித்தான் எழுதினார். மகளுக்கு என் முத்தங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 14

சளி ராணி அவர்களுக்கு, அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் கை வேறு ஏதாவது வேலையைத் தேடிப் போகிறது. நீ நலமாக இரு. நான் இருப்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஆமாம், அதே நோய்தான். மழைக்காலம் முடிந்ததும் மருந்து ஆரம்பித்தேன். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறேன், நர்ஸையே கேட்டுப் பார். இருமல் இருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். "பொறுங்க, கேக்கும்" என்கிறார் நர்ஸ். பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். காரில் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வாத்தியாருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் அந்தக் காரில் யார் ஏறுவார்கள்? அதனால்தான் ஊருக்குச் சொல்லவில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. நீ இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சளி ராணி, சளி ராணி என்று கல்யாண வீடு வரைக்கும் வந்து கேலி பேசியவன் நான். அந்த டப்பாவில் ஒன்று என்னுடையது என்று உனக்கு எப்படி எழுதுவேன், சொல்.

பெரிதுபடுத்தாதே. எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணன்

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பையும் மகள் உடம்பையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு எழுதியது. அண்ணன் பிழை திருத்தினாலும் பரவாயில்லை, அவனுக்கும் தெரிய வேண்டியதுதான்.

மருந்தைத் தவறாமல் சாப்பிட்டும் ஒருவர் இளைத்துக்கொண்டே போனால் எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சில கிருமிகள் வழக்கமான மாத்திரைக்கு அடங்குவதில்லை. பூட்டு ஒன்று, நாம் போடுகிற சாவி வேறு. எத்தனை மாதம் திருகினாலும் திறக்காது. இடையில் நுரையீரல்தான் போகும். மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை அண்ணி, என் பயம் அதுதான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்கக் கிருமியைத் தனியாக வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். சீக்கிரம் சொல்கிற மெஷின்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு, ஆனால் செலவை நினைத்து எல்லோருக்கும் அதில் பார்ப்பதில்லை. இப்போது எங்கள் லேபில் ஒரு புதுச் சோதனையைப் பழகிக்கொண்டிருக்கிறோம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதற்குள் நகம் அளவு ஒரு சில்லு. சளியில் ஒரு சொட்டு போதும். காலையில் வைத்தால் டீ நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அடங்குமா, இரண்டையும் சொல்லிவிடும். ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவுகூட இல்லை.

உங்கள் சுகாதார நிலையத்திலிருந்து வாராவாரம் எங்களுக்கு மாதிரிகள் வருகின்றன. நர்ஸிடம் பேசிவிட்டேன். அண்ணனை அனுப்பிச் சளி கொடுக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுடையதை நாங்கள் தொடக்கூடாது என்று இங்கே ஒரு விதி. அதனால் பக்கத்து மேஜைத் தோழர் பார்ப்பார். அவர் கையும் என் கையும் ஒன்றுதான்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

*

மார்ச் 8

என் தங்கமான நாத்தனாருக்கு,

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நேற்று நர்ஸ் கூப்பிட்டனுப்பி, "கிருமி எதுவும் தெரியலைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார். அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

உன் அண்ணனைப் பார்க்க வேண்டுமே. "கிருமியே இல்லாதப்ப மாத்திரை யாருக்கு?" என்று அன்றைக்கே மாத்திரை அட்டையை அலமாரிக்கு மேல் போட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார். மறுபடி ஊர் ரோட்டில் யாரையோ திட்டப்போகிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று மகள் தலையில் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பனியனைப் பற்றி எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நர்ஸ் அந்த நிறத்தைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தார். உனக்குத் தெரியாமலா போகும்? கடிதத்தை வாசித்துவிட்டு, "சலவைக்கெல்லாம் அவளை ஏன் தொந்தரவு பண்றே" என்று சொல்லி அவரே ஒட்டினார்! நீ பதில் எழுதுகிறவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. பழக்கதோஷம் என்கிறார். நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி

*

மார்ச் 13

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை.

கிருமி இல்லை என்று பதில் வந்ததும் நானும்தான் குதித்தேன். லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன். பிறகு அண்ணி கடிதத்தில் இருமலைப் பற்றி எழுதிய கடைசி வரியைப் படித்தேன். தோழரிடம் போய், "எங்க அண்ணனோட மாதிரி பார்க்க எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. மேல கொஞ்சம் நுரை. அது சளியே இல்லைங்க, எச்சில். அதைக் குறிப்புல எழுதித்தானே அனுப்பினேன்" என்றார்.

புதுச் சோதனையைப் பழகுகிற காலம், அதனால் வருவதையெல்லாம் வைத்துப் பார்க்கிறோம். அந்தக் குறிப்பை உங்கள் சுகாதார நிலையத்தில் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. நுரையீரலில் இருப்பதை எச்சிலில் தேடுவது, ஆள் குடியில்லாத வீட்டில் கதவைத் தட்டிவிட்டு ஊரே காலி என்று சொல்கிற மாதிரி.

மனசைத் தொட்டுச் சொல். அந்த டப்பாவில் என்ன துப்பினாய்? மாத்திரையை நிறுத்தியது தப்பு. டாக்டரைப் பார்க்கிறவரை அந்தக் காரில் ஏறாதே. என்மேல் கொஞ்சமாவது பிரியம் இருந்தால் இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

தங்கை

*

மார்ச் 19

தங்கச்சிக்கு,

உடனே எழுதுகிறேன், பார்.

அன்று நர்ஸ் டப்பாவைக் கையில் கொடுத்து, "இது உங்க தங்கச்சி லேபுக்குத்தான் போகுது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உள்ளே இருந்து வருவதைப் பார்த்தால் எனக்கே குமட்டும். அதை எப்படி உனக்கு அனுப்புவது? சின்ன வயதில் நான் கடித்த பழத்தைக்கூட எச்சில் என்று தொடமாட்டாய். அதனால் குழாயடிக்குப் போய் வாயை நன்றாகக் கொப்பளித்தேன். பல்கூட விளக்கினேன். தங்கச்சிக்குப் போகிறது, சுத்தமாக இருக்கட்டும் என்று தெளிவாகத் துப்பிக் கொடுத்தேன். டப்பாவை வெளியே துடைத்தும் வைத்தேன். உலகத்தில் எவனாவது இப்படிப் பண்ணுவானா? உன் அண்ணிக்கு இதைச் சொன்னபோது சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள்.

மூன்று நாள்தான் வேலைக்குப் போனேன். இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடியை இறக்கித்தான் வைத்திருந்தேன், சத்தியமாக. மூன்றாம் நாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. அந்தப் பையனை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பயமாக இருக்கிறது. இதை உன் அண்ணியிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாமலும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று என்னோடு பேசுகிறாள்.

நேற்று நர்ஸ் சொன்னபடி, பல் விளக்குவதற்கு முன்னால், கொல்லையில் நின்று, இரண்டு தடவை மூச்சை அடி வரைக்கும் இழுத்து இருமிக் கொடுத்தேன். பார்க்கச் சகிக்காது. உன் தோழரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அண்ணன்

*

மார்ச் 26

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இதில் இருக்கிறது.

தோழர் டப்பாவைத் திறந்ததும், "இப்பத்தாங்க உங்க அண்ணன் மரியாதை கொடுத்திருக்கார்" என்றார். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கிருமி இருக்கிறது. அந்தச் சிவப்பு மருந்துக்கு அடங்காத கிருமி.

எத்தனையோ பேருக்கு இந்தப் பதிலை நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஆனால் நிஜத்தைச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்தில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி எந்தச் சாவி என்று தெரியும். இத்தனை மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்காமல் போனதில் உன் தப்பு எதுவும் இல்லை அண்ணா. அந்த மாத்திரை அதற்கானது இல்லை, அவ்வளவுதான்.

இந்த வகைக்கு முன்பெல்லாம் ஊசியும் மாத்திரையுமாக வருஷக்கணக்கில் இழுப்பார்கள். இப்போது ஊசி கிடையாது. ஆறு மாதம், மாத்திரை மட்டும். டாக்டர் முதலில் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார். வயிற்றைப் புரட்டலாம், கால் மரத்துப்போகலாம். எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடு, சமாளித்துக்கொள்கிறேன் என்று வாத்தியார்த்தனம் காட்டாதே. மகளையும் அண்ணியையும் சோதித்துப் பார்ப்பார்கள். உன்னோடு காரில் உட்கார்ந்தவர்களையும் சத்தமில்லாமல் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம்.

வளர்த்துப் பார்க்கிற பழைய சோதனைக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பதில் வரும்வரை காத்திருந்தால் உன் பெல்ட்டில் ஓட்டை போட இடம் இருந்திருக்காது.

உங்கள் தங்கை

*

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதங்கள் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. போனில் அண்ணன் மறுபடி "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்கிறான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. சலவையைப் பற்றியாவது ஒரு வரி எழுதுங்கள்.

நாத்தனார்

*

ஜூன் 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ கவலையில் இளைத்துப்போகாதே, ஒரு வீட்டில் ஒருவர் இளைத்தது போதும். எழுதாததற்குக் காரணம், நல்லது எழுதினால் கண்பட்டுவிடும் என்ற பயம். ஒரு தடவை சந்தோஷப்பட்டு உனக்கு எழுதி என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா?

முதல் மாதம் படுத்திவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வெளியே. நடுவில் கால் மரத்தது, டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். "நான் சாகிறதுக்குள்ள இந்த மாத்திரை என்னைக் கொன்னுடும்" என்று ஒரு நாள் சொன்னார். சண்டை போட்டேன். இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் அவரே கையை நீட்டி மாத்திரை கேட்டார். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பசி வந்தது. எப்படிப்பட்ட பசி என்கிறாய்? சமைக்கிற எனக்குத்தான் மிச்சமில்லை.

மகளுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. காரில் உட்கார்ந்த அந்த இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, அதில் ஒருத்தர் லைசென்ஸ் பரீட்சையில்தான் கோட்டை விட்டார். இவரே போய் உண்மையைச் சொன்னதும் ஸ்கூல் முதலாளி, "உடம்பு தேறினதும் வாங்க, ஸீட்டு எங்கயும் ஓடிடாது" என்றாராம்.

அடுத்த வாரம் உங்கள் லேபுக்கு மறுபடி சளி வருகிறது. நான் இன்னும் சந்தோஷப்படவில்லை. நீ சொன்ன பிறகுதான்.

உன் அண்ணி

*

ஜூலை 29

அண்ணி,

சந்தோஷப்படுங்கள்.

புதுச் சோதனை செத்துக் கிடக்கிற கிருமியையும் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கிருமியை வளர்த்துப் பார்க்கிற பழைய பொறுமைதான் ஒரே வழி. இத்தனை வாரமாகத் தினமும் அண்ணனுடைய சளி வைத்த சோதனைக் குழாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தொடத்தான் கூடாது, பார்க்கலாம். இன்று தோழர் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் முளைக்கவில்லை. இந்தத் தடவை எச்சிலும் இல்லை, நான் விசாரித்துவிட்டேன்.

மாத்திரையை முழுக்க முடிக்க வேண்டும். அதில் பேரம் கிடையாது. ஆனால் என் அண்ணன் பிழைத்துவிட்டான் அண்ணி.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் சௌக்கியம். இந்த வார்த்தையை இந்த வருஷம் முதல் தடவையாக மனசார எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோதுகூட நான் அழவில்லை. "சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அவருக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் விளையாடப் போயிருந்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு வெறிச்சென்று இருப்பது காதில் பட்டது. எத்தனையோ மாதமாக அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அடுத்த அறையில் இருக்கிறார் என்று நான் தெரிந்துவைத்திருந்தேன் போலிருக்கிறது. சத்தமே இல்லை. கையில் சோப்பு நுரையோடு ஓடினேன். முழங்கையால் கதவைத் தள்ளினேன்.

வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றதும் மெதுவாக ஒரு குறட்டை. பிறகு இன்னொன்று, நன்றாக, ஜன்னல் அதிர்கிற மாதிரி. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டுப் பதறி எழுந்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க குறட்டை விட்டீங்க" என்றேன்.

"இதுக்கா அழறே?" என்றார்.

இதற்குத்தான் என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திரத்தைத் துலக்கப் போனேன்.

உன் அண்ணி